பிரைஸ் கேப் இருந்தும் கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது? கட்ட முடியாவிட்டால் யாரிடம் போவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் லண்டனுக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசா, ஒன்றரை வயதுக் குழந்தை, ஒரு படுக்கையறை வாடகை ஃபிளாட். கேஸ் இணைப்பு கிடையாது. சமையல், வெந்நீர், ஹீட்டர் எல்லாம் கரண்ட். "பிரைஸ் கேப் வருடத்துக்கு 1,758 பவுண்டு என்று செய்தியில் சொன்னார்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 146.50தானே? எனக்கு 2026 ஜனவரிக்கு 194 பவுண்டு வந்திருக்கிறது, 640 யூனிட் என்று போட்டிருக்கிறார்கள். அதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? இப்படியே போனால் கட்ட முடியாது, உதவி ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: கேட்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த 194 சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் உண்டு, அதுவும் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் முதலாவதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டாவதுக்குப் போனால் சப்ளையரிடம், அதாவது கரண்ட் விற்கும் கம்பெனியிடம், தவறான சண்டையைப் போட்டுவிட்டு வந்து நிற்பீர்கள். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், வார இறுதிகளில் நம் ஆட்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது வழக்கம். இந்த 1,758 குழப்பத்தோடு வருகிறவர்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் பாதிப் பேர். செய்தி வாசிக்கிறவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள்?

பிரைஸ் கேப் என்பது பில்லுக்குப் போட்ட பூட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு யூனிட்டுக்கும் ஒரு நாளைக்கும் போட்ட பூட்டு. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு, சப்ளையர் ஒரு யூனிட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம், ஸ்டாண்டிங் சார்ஜ் என்று ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கலாம் என்ற இரண்டை மட்டும் நிர்ணயிக்கிறது. எத்தனை யூனிட் எரிக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு. அதற்கு வரம்பே கிடையாது.

அப்படியானால் 1,758 எங்கிருந்து வந்தது? ஒரு சராசரிக் குடும்பம் வருடத்துக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் கேஸும் செலவழிப்பதாக ஆஃப்ஜெம் அப்போது ஒரு கற்பனை வீட்டை வைத்திருந்தது. யூனிட் என்றால் கிலோவாட் மணிதான், நம் ஊரில் சொல்கிற அதே யூனிட். அந்த வீடு வரம்பு விலையில், டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி) கட்டினால் வருடத்துக்கு என்ன வரும் என்று போட்ட கணக்குதான் 1,758. உங்கள் வீடு அந்த வீடு இல்லை. உங்களுக்குக் கேஸே கிடையாது. அந்த வீட்டில் கேஸ் செய்கிற வேலையையும் உங்கள் வீட்டில் மின்சாரம்தான் செய்கிறது. அதனால் அந்த எண்ணை உங்கள் பில்லோடு ஒப்பிடுவதே வீண்.

2026 ஜனவரி முதல் மார்ச் வரைக்கான உண்மையான வரம்பு இது: மின்சாரம் யூனிட்டுக்கு 27.69 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளைக்கு 54.75 பென்ஸ். கேஸ் யூனிட்டுக்கு 5.93 பென்ஸ், நாளைக்கு 35.09 பென்ஸ். உங்கள் 640 யூனிட்டை 27.69ஆல் பெருக்கினால் 177 பவுண்டு 22 பென்ஸ். ஜனவரியின் 31 நாளுக்கு ஸ்டாண்டிங் சார்ஜ் 16 பவுண்டு 97 பென்ஸ். கூட்டினால் 194 பவுண்டு 19 பென்ஸ். கொஞ்சம் முன்னே பின்னே வரலாம். ஏனென்றால் நான் சொன்னது நாட்டின் சராசரி. பிரிட்டன் மின்சார விநியோகத்துக்காக 14 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வரம்பு கொஞ்சம் மாறும்.

இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். நான் சொன்ன விலையில் 5 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறது. ஆனால் பல சப்ளையர்கள் பில்லின் உள்பக்கத்தில் வரி சேர்க்காத விலையைப் போட்டுவிட்டு, கடைசி வரியில் வாட்டைக் கூட்டுவார்கள். அதனால் பில்லில் 26.37 என்று இருந்தால் "வரம்பைவிடக் குறைவு" என்று மகிழவும் வேண்டாம். 5 சதவீதம் கூட்டினால் 27.69க்கே வந்து நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய பழக்கம் இடிக்கும். அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் ஸ்லாப்; கொஞ்சமாக எரிப்பவருக்குச் சலுகை, நிறைய எரிப்பவருக்கு அடி. இங்கே ஏறக்குறைய தலைகீழ். முதல் யூனிட்டும் ஆயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. அதோடு, எதுவும் எரிக்காவிட்டாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் ஓடும். கோடையில் ஆறு வாரம் ஊருக்குப் போய், மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போனாலும், மேலே சொன்ன விலையில் 42 நாளுக்கு 23 பவுண்டு ஏறியிருக்கும். கம்பிகளைப் பராமரிக்கும் செலவு, மீட்டர் செலவு எல்லாம் அதற்குள் வருகிறது. 2021க்குப் பிறகு முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் சப்ளையர்கள் திவாலானபோது அவர்களுடைய வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிகளுக்கு மாற்றிய செலவும் இந்த வழியாகத்தான் எல்லார் தலையிலும் விழுந்தது. குறைவாகச் செலவழிக்கும் முதியவர்களுக்கு இதில் இருக்கும் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து.

இந்த வரம்பு எதற்கு வந்தது என்று ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் சப்ளையரை மாற்றாமல் ஒரே கம்பெனியில் இருந்தவர்களிடம், அவர்கள் கவனிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 2018இல் சட்டம் போட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அந்தக் கற்பனை வீட்டின் கணக்கு 1,137 பவுண்டு. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு கேஸ் சந்தை தறிகெட்டு ஓடி, 2023 ஜனவரியில் வரம்பே 4,279 பவுண்டுக்குப் போனது. அரசு இடையில் புகுந்து 2,500ஐ ஒட்டி நிறுத்தியதால் மக்கள் தப்பினார்கள். ஆக, வரம்பு என்பது விலை ஏறாமல் தடுக்கும் அணை கிடையாது. சந்தை ஏறினால் அதுவும் ஏறும். சப்ளையர் அதற்கு மேல் லாபம் பார்க்காமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினார்கள். 2022 அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி.

இந்த மூன்று மாத மாற்றத்தில்தான் உங்களுக்கு ஒரு சின்ன அநியாயம் நடந்திருக்கிறது. 2025 அக்டோபரில் 1,755ஆக இருந்தது 2026 ஜனவரியில் 1,758 ஆனது, மூன்றே பவுண்டு ஏற்றம் என்று செய்தி வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் உள்ளே பார்த்தால் மின்சாரம் 26.35 பென்ஸிலிருந்து 27.69க்கு ஏறியிருக்கிறது, கேஸ் 6.29இலிருந்து 5.93க்கு இறங்கியிருக்கிறது. கேஸ் உள்ள வீட்டில் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டது. உங்களைப் போல மின்சாரம் மட்டும் இருக்கும் ஃபிளாட்டில் யூனிட் விலை 5 சதவீதம் ஏறியது, இறங்கிய கேஸால் ஒரு பயனும் இல்லை. அதனால் இனிமேல் தலைப்பில் வரும் பவுண்டு எண்ணைப் பார்க்காதீர்கள். மின்சார யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ் என்பதை மட்டும் பாருங்கள்.

வரம்பு யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்களாகத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம், இரண்டு வருடம் என்று விலையைக் கட்டிப்போடும் ஃபிக்ஸட் டாரிஃப்புக்குப் பொருந்தாது. எதையும் தேர்ந்தெடுக்காமல், குடிவந்த வீட்டில் ஏற்கனவே இருந்த சப்ளையரோடு அப்படியே தொடர்ந்தால் நீங்கள் ஸ்டாண்டர்டு வேரியபிள் டாரிஃப்பில் இருப்பீர்கள், அதற்குத்தான் வரம்பு. வடக்கு அயர்லாந்துக்கு இந்த ஏற்பாடே கிடையாது, அங்கே வேறு ஒழுங்குமுறை அமைப்பு. புதிய அடுக்குமாடிகளில் கட்டடத்துக்கே பொதுவாக ஒரு கொதிகலன் வைத்து, குழாய் வழியாகச் சூட்டை விற்கிறார்களே, அந்த ஹீட் நெட்வொர்க் பில்லுக்கும் இந்த வரம்பு கிடையாது. அறை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்காரர் தனியாகக் கரண்ட் காசு வாங்கினால் அது இன்னொரு கதை: அவர் சப்ளையருக்கு என்ன விலை கொடுத்தாரோ அதற்கு மேல் யூனிட்டுக்கு ஒரு பென்னிகூட வைத்து விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஆட்களே நம் ஆட்களிடம் இதில் கை வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டும் முறையாலும் வரம்பு மாறும். டைரக்ட் டெபிட்டுக்கு ஒரு விலை. முன்கூட்டியே காசு போட்டு டாப்-அப் செய்யும் ப்ரீபேமென்ட் மீட்டருக்கு இப்போது அதைவிடக் கொஞ்சம் குறைவு. பில் வந்த பிறகு கார்டிலோ தபால் நிலையத்திலோ கட்டுகிறவர்களுக்குத்தான் எல்லாவற்றிலும் அதிகம், வருடத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வரும். டைரக்ட் டெபிட் கொடுக்கப் பயப்படுகிற பெரியவர்கள் நிறையப் பேர் இதை அறியாமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பயமும் காரணமில்லாதது இல்லை. டைரக்ட் டெபிட்டில் மாதாமாதம் போகும் தொகை பில் கிடையாது. வருடம் முழுவதற்கும் சேர்த்து சப்ளையர் போடும் உத்தேசம். அது அளவுக்கு மீறி இருந்தால் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கலாம், கணக்கில் தேங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

சரி, 640 யூனிட் எப்படி ஓடியது? கீழே வரும் கணக்கெல்லாம் அந்த ஜனவரி விலையில்தான்.

நம் வீடுகளில் முதல் சந்தேகம் கிரைண்டர்மேல் விழும். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 0.1 யூனிட், மூன்று பென்ஸ்கூட ஆகாது. தாராளமாக அரையுங்கள். காசைத் தின்பது எல்லாம் சூடாக்கும் சாமான்கள். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்று மாலை ஐந்திலிருந்து பத்து வரை நிற்காமல் ஓடினால் 10 யூனிட், 2 பவுண்டு 77 பென்ஸ். குளியலறைப் பக்கத்து அலமாரியில் ஒரு செம்பு சிலிண்டர் இருக்கிறதா? அதற்குள் தண்ணீரைச் சூடாக்கும் மூன்று கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 83 பென்ஸ். தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 51 பவுண்டு அதற்கே போய்விடும். அதன் ஸ்விட்சை யாரும் அணைப்பதில்லை, ஏனென்றால் அது என்ன ஸ்விட்ச் என்றே வாடகைக்கு வந்தவர்களுக்குத் தெரிவதில்லை.

சுவரில் இருக்கும் ஹீட்டரையும் கவனியுங்கள். கனமான, ஆழமான வெள்ளைப் பெட்டி, மேலே இரண்டு குமிழ் என்றால் அது ஸ்டோரேஜ் ஹீட்டராக இருக்கலாம். உள்ளே செங்கல் மாதிரி கற்கள் இருக்கும். இரவில் மலிவான நேரத்தில் கரண்டை வாங்கிக் கற்களைச் சூடேற்றி வைத்துக்கொண்டு, பகலில் சூட்டை மெதுவாக விடும். இதற்கு எகனாமி 7 என்ற டாரிஃப் வேண்டும்: இரவில் ஏழு மணி நேரம் விலை குறைவு, பகலில் மற்ற வீடுகளைவிட அதிகம். உங்கள் பில்லில் ஒரே விலைதான் இருக்கிறது. ஸ்டோரேஜ் ஹீட்டரை வைத்துக்கொண்டு ஒரே விலை டாரிஃப்பில் இருந்தால், மலிவு விலைச் சந்தைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்குகிற கதை. அதேபோல எகனாமி 7 டாரிஃப்பை வைத்துக்கொண்டு பகலில் ஹீட்டரின் பூஸ்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் நஷ்டம். ஒரு இளம் தம்பதி குளிர்காலம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். அந்த இன்னொரு குமிழ் எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

வாடகைக்கு இருந்தாலும் பில் உங்கள் பேரில் வருகிறது என்றால் சப்ளையரை மாற்றும் உரிமை உங்களுக்குத்தான். வரம்பைவிடக் குறைந்த விலையில் ஃபிக்ஸட் டாரிஃப் கிடைத்தால் எடுக்கலாம். வருடத்தின் பெரும்பகுதியில் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும். இடையில் வெளியேறினால் அபராதம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி 49 நாளில் மாறினால் அபராதம் வாங்கக் கூடாது. அப்புறம், பில்லில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஈ' என்ற எழுத்தோ 'எஸ்டிமேட்டட்' என்றோ இருந்தால் அது அவர்கள் ஊகித்த எண். ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டில், வரம்பு மாறும் நாளுக்கு முந்தின இரவு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பழைய விலைக்கு எரித்த யூனிட்டைப் புது விலையில் போட்டுவிடுவார்கள்.

இனி உதவி. இதில் நேரடியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் விசாவில் 'பொது நிதி கோரக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். யுனிவர்சல் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள், விசாவுக்கே வினையாகும். கவுன்சில் நடத்தும் நெருக்கடி நிதி பற்றிக் கேட்பதாக இருந்தாலும், முதலில் ஒரு ஆலோசகரிடம் உங்கள் விசா நிலையைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் சப்ளையர் தரும் தவணை ஏற்பாடு, சப்ளையரின் சிறப்புப் பட்டியல், அறக்கட்டளைகள் தரும் டாப்-அப் வவுச்சர் ஆகியவை பொது நிதி கிடையாது. அவற்றைக் கேட்க எந்தத் தயக்கமும் வேண்டாம். விசா பயத்தில் இவற்றையும் கேட்காமல் குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் எனக்கு வருத்தம் தருகிறவர்கள்.

முதல் வேலை சப்ளையருக்கு ஒரு ஃபோன். பில் தேதி தாண்டுவதற்கு முன்பே. "என்னால் இந்தத் தொகையைக் கட்ட முடியவில்லை, மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லுங்கள். உங்களால் எவ்வளவு முடியும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் தவணை போட வேண்டும் என்பது அவர்களுடைய உரிமத்தின் நிபந்தனை. அவர்கள் 90 என்று சொன்னால் அதுவே முடிவு கிடையாது. வருமானம், வாடகை, குழந்தைச் செலவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே மாறும். சொல்லாமல் கொள்ளாமல் டைரக்ட் டெபிட்டை நிறுத்துவது மட்டும் வேண்டாம். அங்கிருந்துதான் வசூல் கடிதங்கள் ஆரம்பிக்கும்.

அதே ஃபோனில் 'பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்' என்ற பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். காசு கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீடு, கர்ப்பிணி, ஓய்வூதிய வயதினர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் சேரலாம். ஆங்கிலம் சரியாகப் பேசவோ படிக்கவோ வராது என்பதும் ஒரு தகுதி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சேர்ந்தால் திட்டமிட்ட மின்வெட்டுக்கு முன்கூட்டியே தகவல் வரும், மீட்டர் பார்க்க வருகிறவர் முன்பே பேசிவைத்த கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்யலாம், கடிதங்களை நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பச் சொல்லலாம்.

கட்டாவிட்டால் கரண்டை வெட்டிவிடுவார்களா என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் வெட்டுவது மிக அபூர்வம். பழைய ஆபத்து வேறு: நீதிமன்ற ஆணை வாங்கி வீட்டுக்குள் வந்து ப்ரீபேமென்ட் மீட்டரை வலுக்கட்டாயமாக வைத்துவிட்டுப் போவார்கள். டாப்-அப் செய்யக் காசில்லை என்றால் வீடு இருண்டுவிடும். 2023இல் இது பெரிய சர்ச்சையாக வெடித்து, அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் வலுக்கட்டாயமாக வைக்கக் கூடாது. துணைக்கு ஆள் இல்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டிலும், உயிர்காக்கும் கருவி மின்சாரத்தில் ஓடும் வீட்டிலும் கூடாது. மற்றவர்கள் வீட்டிலும் குறைந்தது பத்து முறை தொடர்புகொள்ள முயன்ற பிறகே. உங்கள் குழந்தையின் வயது உங்களுக்கு இப்போது ஒரு கவசம், ஆனால் சப்ளையருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏற்கனவே ப்ரீபேமென்ட் மீட்டரில் இருக்கிறவர்களுக்கு காசு தீர்ந்தால் மீட்டர் கொஞ்சம் கடனாகத் தரும் எமர்ஜென்சி கிரெடிட் உண்டு. அதுவும் தீர்ந்தால் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அல்லது உணவு வங்கி வழியாக டாப்-அப் வவுச்சர் கேட்கலாம். கடன் பெருகிவிட்டால் பிரிட்டிஷ் கேஸ் எனர்ஜி டிரஸ்ட் போன்ற அறக்கட்டளைகள் மானியம் தருகின்றன. அதில் வேறு சப்ளையரின் வாடிக்கையாளர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிதி தீர்ந்தால் மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள், அதனால் ஒரு முறை மூடியிருந்ததென்று விட்டுவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற, இங்கே நிரந்தரமாகக் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்று குளிர்காலத்தில் 150 பவுண்டு பில்லில் கழிக்கும் திட்டம் இருக்கிறது. முன்பு வீட்டின் அமைப்பைப் பார்த்து வடிகட்டினார்கள். 2025–26 குளிர்காலத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வடிகட்டலை எடுத்துவிட்டு, வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகை வாங்குகிற எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். யுனிவர்சல் கிரெடிட், வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் எல்லாம் அதில் வரும். விண்ணப்பமே வேண்டாம், தானாக வரும். ஒரே ஒரு கண்ணி: குறிப்பிட்ட தேதியில், 2025இல் அது ஆகஸ்ட் 24, கரண்ட் கணக்கு உதவித்தொகை வாங்குகிறவர் பேரிலோ அவருடைய துணைவர் பேரிலோ இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கண்ணியில்தான் நம் குடும்பங்கள் வரிசையாக மாட்டுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, எண்பதை நெருங்குகிறார், தனி ஃபிளாட்டில் இருக்கிறார், பென்ஷன் கிரெடிட் வாங்குகிறார். "எல்லார் வீட்டுக்கும் 150 வந்ததாம், எனக்கு மட்டும் வரலையே தம்பி" என்று ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். விலாசம் அவருடையது, மீட்டர் அவருடையது, பேர் மட்டும் மகனுடையது. அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று மகன் தன் ஃபோனிலேயே கணக்குத் தொடங்கி, தன் பேரைப் போட்டிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். மூன்று குளிர்காலம் அப்படியே போயிருந்தது. போனது திரும்பி வராது. கணக்கை அம்மா பேருக்கு மாற்றி, மேலே சொன்ன அந்தப் பட்டியலில் அவரைச் சேர்த்து, கடிதங்கள் மகனுக்கும் போகட்டும் என்று பதிவு செய்தோம். மகன் பார்த்துக்கொள்ளவும் செய்யலாம், பேரும் அம்மாவுடையதாக இருக்கலாம்; இரண்டுக்கும் வழி இருக்கிறது.

பெரியவர்களுக்கு வேறு சிலவும் உண்டு. வின்டர் ஃபியூவல் பேமென்ட் 200 அல்லது 300 பவுண்டு. 2024இல் பென்ஷன் கிரெடிட் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கி, எதிர்ப்பு வந்ததும் 2025இல் மறுபடி விரித்தார்கள். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் என்றால் வரியில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட சில உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு, தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரி அல்லது அதற்குக் கீழ் போனால், 25 பவுண்டு கோல்டு வெதர் பேமென்ட் வரும். ஸ்காட்லாந்தில் இவற்றுக்கு வேறு பெயர், வேறு தொகை. இவற்றில் பலவற்றுக்குக் கதவு பென்ஷன் கிரெடிட்தான். வாரம் இரண்டு பவுண்டுதான் கிடைக்கும் என்றாலும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு பவுண்டு மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும்.

இன்னொரு 150 பற்றியும் காதில் விழுந்திருக்கும். 2025 நவம்பர் பட்ஜெட்டில், பில்லில் சேர்ந்திருந்த சில பசுமைத் திட்டச் செலவுகளை நீக்கியும் அரசே ஏற்றும் 2026 ஏப்ரலிலிருந்து சராசரியாக வருடத்துக்கு 150 பவுண்டு குறைப்பதாக அறிவித்தார்கள். அது எல்லாருக்கும் யூனிட் விலை வழியாக வருவது, தனியாகக் கையில் வராது. வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிவிட்டு, "உங்கள் 150 பவுண்டைப் பெற இங்கே அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்புகிற திருடர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்குமே உங்கள் வங்கி விவரத்தைக் குறுஞ்செய்தியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சப்ளையரோடு தகராறு என்றால் முதலில் 'இது புகார்' என்று அந்த வார்த்தையைச் சொல்லி, எழுத்தில் கொடுங்கள். வெறுமனே நாலு முறை ஃபோன் செய்தால் அது புகாராகப் பதிவாகாமல் போகலாம். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால் இத்தகைய தகராறுகளைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம், அவர்கள் முடிவுக்குச் சப்ளையர் கட்டுப்பட வேண்டும். சப்ளையரின் தவறால் பில் வராமல் கிடந்து, திடீரென்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் போட்டால், கடைசி 12 மாதத்துக்கு முந்தையதைக் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 'பேக் பில்லிங்' என்று சொன்னாலே அவர்களுக்குப் புரியும். இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண் 0808 223 1133, இலவசம்.

இப்போது உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டும். சுவர் ஹீட்டரின் மேல்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், குமிழ் எத்தனை என்று தெரியும்படி. செம்பு சிலிண்டர் இருந்தால் அதன் ஸ்விட்சையும். இரண்டு குமிழ் என்றால் நாம் பேச வேண்டியது சப்ளையரின் டாரிஃப் பிரிவோடு, அதற்கு வேறு கேள்விகள் எழுதித் தருகிறேன்.